காதல் மெட்டில் திருப்பாடுகளின் பாடல்

பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியோர், பாடலின் தலைப்பில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பர். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டில் புதிய சொற்களைப் பொருத்திப் பாடும் வழக்கத்தின் அடையாளம் அது. இன்றோ, திரைப்பட மெட்டில் அமைந்த பாடலொன்று திருப்பலியில் ஒலித்துவிட்டால் பங்கில் முகச்சுளிப்பு எழுகின்றது. அது நியாயமே என்று நாமும் எண்ணியதுண்டு. ஆயினும், தவக்காலத்தில் கத்தோலிக்கரும் பிரிந்த சகோதரரும் ஒருங்கே பாடிவரும் ஒரு பாடலின் வரலாறு நம்மைத் தயங்கச் செய்கின்றது. முள்முடி சூடிய இயேசுவின் திருத்தலையை நோக்கிப் பாடும் பாடல் அது. தரங்கம்பாடி வழிவந்த தமிழ் லுத்தரன் திருச்சபையினர் அதனைத் தமிழிலும் பாடுகின்றனர்.

அம்மெட்டு பிறந்தது ஒரு காதல் பாட்டில். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1564-இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் பிறந்தவர். வெனிஸ் சென்று இசை பயின்றவர். லுத்தரன் சபையைச் சார்ந்தவராயினும், ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கப் பெருவணிகரான ஃபுக்கர் குடும்பத்தில் ஆர்கன் இசைஞராகப் பணியாற்றி, இலத்தீன் திருப்பலிக்கும் இசையமைத்தார். 1601-இல் அவர் வெளியிட்ட பாடல் தொகுதியில், இளநங்கை ஒருத்தியால் மனம் கலங்கியவன் பாடும் ஐந்து குரற்பாட்டு ஒன்று உண்டு. அதன் ஐந்து கண்ணிகளின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘மரியா’ என்று வரும். நம் அன்னையை எண்ணி நாம் மகிழ்ந்துவிட வேண்டாம். அது அக்காதலியின் பெயர்!

ஹாஸ்லர் 1612-இல் இறந்தார். அடுத்த ஆண்டே அம்மெட்டு, நல்மரணத்தை வேண்டும் பக்திப் பாடலொன்றுக்குப் பொருத்தப்பட்டது. காதற்பாட்டு வெளிவந்து பன்னிரண்டே ஆண்டுகள்! பழைய சொற்கள் மறக்கப்பட்ட பின்னரே ஒரு மெட்டு ஆலயத்திற்குள் வரலாம் என்போர்க்கு இக்கணக்கு இடறலாகவே இருக்கும். முதலிற் பாடியோருள் சிலருக்கேனும் அந்த நங்கை நினைவில் வந்திருக்கமாட்டாளா?

1656-இல் பவுல் கெர்ஹார்ட் என்ற லுத்தரன் போதகரின் ஜெர்மன் பாடல் இம்மெட்டோடு இணைந்தது. முப்பதாண்டுப் போரின் துயரை நேரில் கண்டவர் அவர். அவர் சொற்களோ நம் திருச்சபையின் பழஞ்சொத்து. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாதம், முழங்கால், கரம், விலா, மார்பு, இதயம், முகம் என்று ஒவ்வோர் உறுப்பையும் விளித்து வணங்கும் இடைக்கால இலத்தீன் செய்யுள் அது. நெடுங்காலம் புனித பெர்னார்துவின் பெயரில் வழங்கிவந்த அதனை, 13-ஆம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் துறவி லூவென் அர்னுல்ஃப் இயற்றியதாக இன்று அறிஞர் கருதுகின்றனர். கத்தோலிக்கத் துறவியின் செபம், லுத்தரன் போதகரின் மொழிபெயர்ப்பு, காதலனின் மெட்டு!

மெட்டு அப்படியே வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஹாஸ்லரின் பாட்டில் அழுத்தங்கள் இடம்மாறித் துள்ளும் நடனநடை உண்டு. ஆலயத்தில் சபையார் அதனைச் சம அளவான அடிகளாக்கி, நிதானமாகப் பாடலாயினர். ஸ்வரங்கள் ஏறக்குறைய அவையே, நடை வேறு. நம் ஆலயங்களில் ஒலிக்கும் திரைமெட்டுகள் நெஞ்சை உறுத்துவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கின்றது என்பது நம் எண்ணம். தாளமும் வாத்தியமும் குழைவும் சிறிதும் மாறாமல், சொற்கள் மட்டுமே மாறி வருகின்றன.

யோகான் செபஸ்தியான் பாக் 1727-இல் லைப்சிக் நகரில் அரங்கேற்றிய மத்தேயு திருப்பாடுகளில் இம்மெட்டை ஐந்து முறை கையாளுகின்றார். ஒவ்வொரு முறையும் துணைக்குரல்களின் போக்கு வேறாகின்றது. இயேசு உயிர்விட்ட உடனே வரும் ஐந்தாம் முறையில், கீழ்க்குரல்கள் நிலைகொள்ளாது வழுக்கிச் செல்ல, மெட்டு மட்டும் தன் வழியே நடக்கின்றது. அவரே 1734-இல் கிறிஸ்து பிறப்புக்கென அமைத்த இசைப்படைப்பில், இதே துயர மெட்டை இறுதிப் பாடலில் எக்காள முழக்கத்தோடு வெற்றிப் பாட்டாக்குகின்றார்.

நம் திருச்சபையிலும் இது புதிதன்று. ‘ஆயுதம் தாங்கியவன்’ என்ற பிரெஞ்சு உலகியற் பாட்டின்மீது நாற்பதுக்கு மேற்பட்ட திருப்பலி இசைகள் எழுந்துள்ளன. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562-இல், சிற்றின்பம் கலந்த இசையை ஆலயத்தினின்று விலக்குமாறு ஆயர்களைப் பணித்தது. அதற்குப் பின்னரும் பலஸ்திரீனா அம்மெட்டில் இரு திருப்பலிகளை வெளியிட்டார். 1570-இல் வந்ததில் பாட்டின் பெயர் இருந்தது. 1582-இல் வந்ததிலோ ‘நான்காம் திருப்பலி’ என்று மட்டுமே இருந்தது. மெட்டை விடவும் மனமில்லை, பெயரைச் சொல்லவும் துணிவில்லை போலும்.

1973-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன், ஹாஸ்லரின் மெட்டைத் தழுவி, களைத்துப்போன ஒரு மனிதனின் புலம்பலைக் கித்தாரோடு பாடி இசைத்தட்டில் வெளியிட்டார். ஆலயத்திற்குள் வந்து முந்நூற்றறுபது ஆண்டுகள் கழிந்த மெட்டு மீண்டும் வீதிக்குச் சென்றது. அதனைக் கேட்கும் கிறிஸ்தவர் பலருக்கு, சொற்கள் எவையாயினும், முள்முடி சூடிய திருத்தலையே கண்முன் வருகின்றது. ஹாஸ்லரின் மரியாவை நினைப்போர் அரியர்.