மிசிசிப்பியின் பாடநூல் வழக்கு

மிசிசிப்பி மாநிலம் 1861இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது, பிரிவுக்கான காரணங்களை விளக்கி வெளியிட்ட அறிக்கையில், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தது. ஆயினும் அரை நூற்றாண்டு கழிவதற்குள், பிரிவைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் மாநில உரிமைக்காகவே போரிட்டன என்ற கதை அப்பகுதிப் பள்ளிகளில் வரலாறாகவே வேரூன்றிவிட்டது. தோற்ற படையினரின் வழித்தோன்றல்களான பெண்கள் 1894இல் தொடங்கிய ‘யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரசி’ என்னும் சங்கத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அதன் வரலாற்றுப் பொறுப்பை வகித்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட், முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஒரு கையேட்டை எழுதி, அடிமைகளைத் தக்கவைத்துக்கொள்வதற்காகத் தென்மாநிலங்கள் போரிட்டன என்றோ, அடிமை உடைமையாளர் கொடியவர் என்றோ கூறும் நூல்களைப் பள்ளிகள் ஏற்கக் கூடாது என்றும், நூலகங்கள் அவற்றின்மீது ‘தெற்குக்கு அநீதியானது’ என்று எழுதிவைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

இந்தக் கதை மிக ஆழமாகச் சிதைத்தது, போருக்குப் பின் 1877 வரை நீடித்த மறுசீரமைப்புக் காலத்தை, அதாவது விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்தும் பதவி வகித்தும் வந்த ஆண்டுகளை. அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினரான ஹைரம் ரெவெல்ஸ் 1870இல் மிசிசிப்பியிலிருந்துதான் சென்றார். அந்த வாக்குரிமையை வாக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை போன்ற தடைகளால் பறித்த 1890ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பையோ, நிர்வாகச் சீர்கேட்டுக்கான மருந்து என்று பாடநூல்கள் நியாயப்படுத்தின. கறுப்பினப் பிள்ளைகளும் தம் முன்னோர் ஆளத் தெரியாதவர்கள் என்றே படித்து வளர்ந்தார்கள். பள்ளிக்கூடம் இழைத்த அநீதிகளில் இதைவிடக் கொடியது வேறில்லை.

டூகலூ கல்லூரியில் கற்பித்த சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவனும், மில்சாப்ஸ் கல்லூரியின் வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் சாலிஸும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தக் கதையை மறுத்து எழுதிய ‘மிசிசிப்பி: மோதலும் மாற்றமும்’ என்ற பாடநூல் 1974இல் வெளியானது. மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பில் மாநில வரலாறு கற்பிக்கப்பட்டது. பாடநூல் வாரியம் ஏற்ற நூல்களே அரசுப் பணத்தில் பள்ளிகளுக்கு வாங்கப்பட்டன. எழுவர் கொண்ட தேர்வுக் குழுவில் கறுப்பினத்தவர் இருவர் நூலை ஆதரிக்க, வெள்ளையர் ஐவர் நிராகரித்தனர். பழைய பாணி நூல் ஒன்று மட்டுமே பட்டியலில் இடம்பெற்றது. நூலாசிரியர்கள், மாணவர்களும் பெற்றோரும் உடன் நிற்க, கூட்டரசு நீதிமன்றத்தை நாடினர்.

விசாரணையில் பெரிதும் பேசப்பட்டது அந்நூலில் இருந்த ஒரு புகைப்படம். விசாரணையின்றி ஒருவரைக் கும்பல் கூடிக் கொல்லும் ‘லிஞ்சிங்’ எனப்படும் கொடுமையைக் காட்டிய அப்படத்தில், எரியும் கறுப்பின மனிதரின் உடலுக்குப் பின்னால் வெள்ளையர் கூட்டமொன்று, முகத்தை மறைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், கேமராவைப் பார்த்து நின்றது. கறுப்பின மாணவர் மிகுந்த வகுப்பை ஒரு வெள்ளை ஆசிரியை நடத்துவதற்கு இத்தகைய படம் இடையூறாகும் என்றும், எப்போதோ நடந்ததை இப்போது ஏன் கிளற வேண்டும் என்றும் குழு உறுப்பினர் ஒருவர் சாட்சியமளித்தபோது, நீதிபதி ஓர்மா ஸ்மித் தாமே குறுக்கிட்டு, இது வரலாற்று நூல்தானே என்று கேட்டதாக லோவன் பிற்காலத்தில் பதிவுசெய்துள்ளார். கடந்த காலத்தைப் பற்றிச் சொல்வதே வரலாறு என்றிருக்க, கடந்துபோனது என்பதையே குற்றமாக்கிய வாதத்துக்கு வேறு விடை தேவைப்படவில்லை. நூல் தகுந்த காரணமின்றி, இன அடிப்படையிலேயே ஒதுக்கப்பட்டது எனக் கண்ட நீதிமன்றம், அதை ஆறு ஆண்டுகளுக்கு ஏற்புப் பட்டியலில் சேர்க்குமாறு 1980 ஏப்ரலில் ஆணையிட்டது. பட்டியலில் இருந்த நூலை வாங்குவதா என்பது பள்ளிகளின் விருப்பமாகவே இருந்தது.

இன வரலாற்றைப் பள்ளிகளில் எப்படிக் கற்பிப்பது என்ற சர்ச்சை அத்தோடு ஓயவில்லை. சட்டமும் நிறுவனங்களும் இனப் பாகுபாட்டை எவ்வாறு நிலைநிறுத்துகின்றன என்று ஆராயும் சட்டத்துறைச் சிந்தனை, ‘இனம் குறித்த விமர்சனக் கோட்பாடு’ எனப்படுகிறது. அதைத் தடுப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்து, ஆனால் அக்கோட்பாடு இன்னது என்று எங்கும் வரையறுக்காத சட்டமொன்று 2022 மார்ச்சில் மிசிசிப்பியில் கையெழுத்தானது. அவ்வாண்டு ஜனவரியில் அது மாநில செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, கறுப்பின உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து அவையை விட்டு வெளியேறினர்.