எடுத்துச் சென்றவர்களின் அரிக்கமேடு: வீலரின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டுக்கு வரும் பயணி அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது சுற்றுலாத் துறையின் கேள்வியாகவே பேசப்பட்டுவருகிறது. அது தொல்லியலின் கேள்வியும்தான். இந்த மேட்டை, வந்தவர்கள் உண்டாக்கிய ஊர் என்று படித்த பார்வையும், இங்கே கிடப்பதை யாரும் எடுத்துச் செல்லலாம் என்ற பழக்கமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றின. முன்னதைக் கேள்வி கேட்காமல் பின்னதைத் திருத்த முடியாது என்பதே என் வாதம்.

தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் இங்கே அகழ்ந்தார்; அறிக்கை 1946இல் வெளிவந்தது. 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று அதன் தலைப்பே தீர்ப்பை எழுதிவிட்டது. இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்கலத் துண்டுகளின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. அவற்றை அளவுகோலாக்கி, அவற்றோடு கிடைத்த உள்ளூர்ப் பொருள்களுக்கும் அவர் காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான ஓர் ஆண்டுக்கணக்கு கிடைத்தது அப்போதுதான். அந்தக் கடனை மறுப்பது நன்றிகேடு. மண்ணடுக்குகளைப் பிரித்தறியும் ஒழுங்கை இங்கே ஒரு தலைமுறைக்குக் கற்பித்தவரும் அவரே.

ஆனால் அளவுகோல் மெல்ல மெல்லக் கதையாகிவிட்டது. விருந்தாளி கொண்டுவந்த கலத்தின் வயதே வீட்டின் வயது என்றாயிற்று. 1954இல் வெளியான, ரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பாற்பட்ட நாடுகளைப் பற்றிய தம் நூலில் வீலர் இதை ஓவியமாகவே தீட்டுகிறார். மீன்பிடித்து எளிமையாக வாழ்ந்த ஒரு கிராமம். எங்கிருந்தோ அங்கு வந்து சேரும் மதுவும் உயர்ந்த கலங்களும். அவற்றால் திடீரென விழித்தெழும் ஒரு துறைமுகம். ஊரார் இந்தச் சித்திரத்தில் இருக்கிறார்கள், ஆனால் காத்திருப்பவர்களாக மட்டும்.

தொல்லியலாளர் விமலா பெக்லி 1983இல் இதை மறுபரிசீலனை செய்தார். பின்னர் 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்து, முடிவுகளை 1996இலும் 2004இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். மத்தியதரைக் கடல் பொருள்கள் வருவதற்கு முன்பே இங்கே குடியிருப்பு இருந்தது. வீலர் தம் காலக்கணக்கோடு பிணைத்த, சிறு உருளையால் கோலம் பதித்த ரௌலட்டட் மட்கலத்தின் தொடக்கமும் முன்னே நகர்ந்தது. எவ்வளவு முன்னே என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது எச்சரிக்கையான கணக்கு. அதற்கும் முன்னே செல்ல விரும்புவோர் உண்டு. நான் எச்சரிக்கையின் பக்கமே நிற்கிறேன்.

இந்த விவாதத்தில் உரிய கவனம் பெறாத ஒரு பொருள்மீது நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. வீலருக்குச் சில ஆண்டுகள் முன்பு பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய் இந்த மேட்டின் பொருள்களைத் திரட்டினார். ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கித் தந்தவையும் அவற்றில் சேரும். அவருக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று மனிதத் தலை செதுக்கிய மணிக்கல். அதை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்றார்கள். அது எந்த அடுக்கில் கிடந்தது, அருகே என்ன இருந்தது, அணிந்தவர் வந்தவரா ஊராரா, அல்லது இங்கேயே செதுக்கிய கைவினைஞரா? மண்ணை விட்டு அது பிரிந்த கணத்தில் இந்தக் கேள்விகளுக்கான விடைகளும் பிரிந்துவிட்டன. எஞ்சியது ஒரு முகமும் அதற்கு இட்ட ஒரு பெயரும் மட்டுமே.

ரோமானிய அரிக்கமேடு என்ற எண்ணத்துக்கு முதல் விதை இந்த மணிக்கல்தான் என்று கருதுகிறேன். இதற்கு நேரடிச் சான்று குறைவு. வீலர் தம் முடிவுகளை மட்கலங்களின்மேல் கட்டினார், மணிக்கல்லின்மேல் அல்ல என்று எதிர்வாதம் எழலாம். ஆனால் அகழும் முன்பே எதைத் தேடுவது என்று தீர்மானிப்பது இத்தகைய பொருள்களே. சூழல் இழந்த பொருள் பேசாது. அதைப் பற்றிப் பிறர் பேசுவார்கள்.

மணிகளின் நிலை இதைவிட வருத்தம் தருவது. கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் சிறுமணிகள் செய்த தொழிலின் முக்கியமான தொடக்க மையம் அரிக்கமேடு என்று மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் வாதிட்டார். அவ்வகை மணிகள் தென்கிழக்காசியா வரை பரவியிருக்கின்றன. தொழிலுக்குச் சான்று சொல்பவை முழு மணிகளைவிட உடைந்த குழல்களும் கழிவுக் கட்டிகளுமே. மழைக்குப் பின் மேட்டில் மின்னும் ஒரு சிவப்பு மணியைப் பையில் போட்டுக்கொள்பவர் ஊராரின் உழைப்புக்கான சாட்சியையே அழிக்கிறார். வீலரின் கதையில் ஊரார் இழந்த இடத்தை மீட்டுத்தரக்கூடிய சாட்சி அதுதான்.

வேறுவகைப் பயணிகளும் இங்கே வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, 1769இல் மேகத்தால் ஏமாந்த வானியலாளர் லெ ழாந்தி, அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினத்துப் பக்கம் பழைய கட்டட எச்சங்களைப் பார்த்தார். அங்கு ஒரு வீர மன்னன் ஆண்டதாக ஊரார் சொன்னதையும் குறித்துவைத்தார். பார்த்தல், கேட்டல், எழுதுதல் என்ற அந்த வரிசையை நான் மதிக்கிறேன். அதற்கும் பதினேழு நூற்றாண்டுகள் முன்பு வந்தவர்களுக்குப் பருவக்காற்றே கால அட்டவணை. எகிப்திலிருந்து கோடையில் புறப்பட்டவர்கள், திரும்பும் காற்றுக்காக மாதக்கணக்கில் இந்தியக் கரையில் இருந்தாக வேண்டும். அவர்களில் எத்தனை பேர் இந்த மேட்டில் தங்கினார்கள் என்று சொல்ல முடியாது. கலங்கள் மட்டும் உள்ளூர்ப் படகுகளில் வந்திருக்கவும் கூடும். தங்கியவர்கள் யாராயினும், இவ்வூர் நெல்லையும் மீனையும் நம்பியே தங்கியிருப்பார்கள்.

எடுப்பதிலிருந்து விட்டுச்செல்வதற்கு மாறிய காலத்தைக் குறிப்பதும் எளிதல்ல. அன்று பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த புதுச்சேரியில் பிரிட்டிஷ் இந்தியாவின் 1904ஆம் ஆண்டு நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் செல்லாது. 1954இல் நிர்வாகமும் 1962இல் சட்டப்படியான உரிமையும் கைமாறிய பிறகே இந்தியச் சட்டங்களுக்கு இங்கே முழு இடம் கிடைத்தது. 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னச் சட்டம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் ஆகியவற்றை எல்லைக்கற்களாக வைக்கலாம். வழக்கம் அவற்றோடு மாறியதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

அரியாங்குப்பம் ஆற்றின் கரை இடிவது இன்னொரு இழப்பு. கரையோர அடுக்குகள் பொருள்களோடு சேர்ந்தே சரிகின்றன. ஆகவே வார இறுதிப் பயணிகளுக்காக விசைப்படகு, கரையோர வண்டிப்பாதை என்று திட்டமிடும்போது, அலையும் சக்கரமும் எந்த அடுக்கைத் தொடும் என்று முதலில் கேட்க வேண்டும். கடலூர் சாலையில் பேருந்தை விட்டிறங்கி, காக்காயந்தோப்பு வழியே நடந்தோ மிதிவண்டியிலோ வருபவருக்கு இந்த மேடு எதையும் மறைக்காது. ரௌலட்டட் மட்கலம் எப்போது தொடங்கியது என்ற வழக்குக்கு அடுத்த சான்று, இன்னும் யாரும் கிளறாத ஏதோ ஓர் அடுக்கில்தான் இருக்க முடியும்.