சாரணர் இயக்கத்தின் படிகளும் சின்னங்களும்

சாரணர் என்றவுடன் குடியரசு நாள் விழாவில் சீருடையும் ஸ்கார்ஃபும் அணிந்து அணிவகுத்து நிற்கும் மாணவர்களே நம் இளைஞர் பலருக்கு நினைவில் வருவர். அவ்வியக்கம் அணிவகுப்போடு முடிந்துவிடும் ஒன்றெனக் கருதுவோரும் உளர். உண்மையில் அதன் உயிர்நிலை, அம்மாணவர்களின் சட்டைக் கையில் தைக்கப்பட்டிருக்கும் சிறுசிறு துணிச் சின்னங்களில் இருக்கிறது. அவற்றுள் எதையும் பிறப்பினால் பெற இயலாது. தந்தையின் செல்வத்தினால் பெறவும் விதிகள் இடம் தருவதில்லை. ஒரு செயலைத் தேர்வாளர் முன்னிலையில் செய்துகாட்டினாலன்றிச் சின்னம் கைக்கு வராது. பிறக்கும்போதே இன்னாருக்கு இன்ன இடம் என்று குறித்துவைத்த நாட்டில் இத்தகைய ஒரு முறை வந்து சேர்ந்த வரலாறு நம் சமுதாயத்தார் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1899-1900இல் தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகர முற்றுகையில் பெயர் பெற்ற ஆங்கிலப் படைத்தலைவர் பேடன் பவல், 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பள்ளிகளில் பயின்ற சிறுவரும் தொழிலாளர் வீட்டுச் சிறுவரும் அங்கே ஒரே அணியில் கலந்திருந்தனர். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது, இயக்கமும் பிறந்தது. சாரணன் ஒவ்வொருவனும் மற்றச் சாரணனுக்கு உடன்பிறந்தான் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சாரணர் ஒருவரையொருவர் இடக்கையால் கைகுலுக்கிக்கொள்ளும் வழக்கமும் இதனோடு வந்தது. இடக்கையை இழிந்ததெனக் கருதும் நம் நாட்டில், தொடுவதே குற்றம் என்றிருந்த காலத்தில், இவ்வழக்கம் எத்தகைய புரட்சி என்பதை வெள்ளையர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்!

தொடக்க காலத்தில் மூன்று வகுப்புகள் இருந்தன. புதிதாய்ச் சேர்ந்தவனை 'டெண்டர்ஃபுட்' என்றனர். அதாவது, நடந்து பழகாத மெல்லிய பாதத்தான். அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு. அதற்கும் மேல் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்புக்கு ஒரு மைல் தொலைவைச் சிறிது ஓட்டமும் சிறிது நடையுமாகப் பன்னிரண்டு நிமிடத்தில் கடக்க வேண்டும். இரண்டு தீக்குச்சிகளுக்கு மேல் செலவிடாமல் திறந்த வெளியில் தீ மூட்ட வேண்டும். திசைகாட்டியின் பதினாறு திசைகளை அறிந்திருக்க வேண்டும். சேமிப்பு வங்கியில் ஆறு பென்சாவது இட்டிருக்க வேண்டும். முதல் வகுப்புக்கோ ஐம்பது கஜம் நீந்த வேண்டும். ஏழு மைல் சென்று ஏழு மைல் திரும்பி, கண்டவற்றை எழுதித் தர வேண்டும். வேறொருவனுக்குத் தொடக்கப் பாடங்களைக் கற்பித்துச் சேர்க்கவும் வேண்டும். தான் கற்றதைப் பிறனுக்குக் கற்பித்தாலன்றி மேலேற முடியாது என்ற இவ்விதி எனக்கு மிகவும் உவப்பானது. வகுப்புகளுக்குப் புறம்பாக, தனித்தனித் தொழிலுக்கும் கலைக்கும் திறமைச் சின்னங்கள் இருந்தன. இவற்றுக்கு, அத்தொழிலை அறிந்த ஒருவரே தேர்வாளராக அமைவது முறை.

இந்தியாவில் முதற்படை 1909இல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் தோன்றியது. ஆனால் அது ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவருக்குக் கதவு திறக்கவில்லை. அதனைக் கண்டு வெகுண்டு, 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் அருண்டேலுடன் இணைந்து இந்தியச் சிறுவருக்கென ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். தலைப்பாகையும் இந்தியப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. வடக்கே மாளவியா, குன்ஸ்ரு ஆகியோரின் சேவா சமிதிச் சாரணர் அமைப்பு எழுந்தது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபின் பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது.

இங்கே ஒரு செய்தியை மறைப்பதற்கில்லை. இதே அம்மையார் 1909இல் சென்னை 'இந்தியன் ரிவியூ' இதழில் எழுதிய கட்டுரையில், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளை உயர்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது என்று வாதிட்டவர். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் அக்கட்டுரையை எடுத்துக்காட்டியுள்ளார். வெள்ளையன் தன் வாசலை அடைத்தான் என்று சினந்தவர்கள், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தாமே அடைத்து வைத்த கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் செய்த நற்பணியை இதனால் நாம் மறுக்க வேண்டுவதில்லை. இதனை மறந்துவிடவும் வேண்டுவதில்லை.

இனி நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். முதல் வகுப்புக்குரிய ஐம்பது கஜ நீச்சலை நம் சிறுவன் எங்கே கற்றிருப்பான்? ஆற்றங்கரை ஊர்கள் சிலவற்றை நீக்கினால், கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நீந்தக் கற்றது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதிப்பர். அக்கிணற்றில் இறங்க நம் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. இறங்கினால் நீர் தீட்டுப்படும் என்றனர். அதே கிணற்றிலிருந்து கவலை இறைத்து வயலுக்கு நீர் பாய்ச்சிய தோல் பறியையும் அதன் தும்பியையும் தைத்துத் தந்தவர் யார்? அருந்ததியர் அல்லரோ! அவர் கை தைத்த தோல் நாள்தோறும் நூறு முறை கிணற்றுள் மூழ்கி எழுந்தது. அவர் மகன் ஒருமுறை மூழ்கி எழ முடியவில்லை. 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளங்களைத் திறந்துவிடத் தீர்மானம் கொண்டுவந்தார், 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. சட்டம் பொதுக் கிணற்றின் படி வரை வந்தது. தோட்டத்துக் கிணறோ தனியார் சொத்து.

சேமிப்பு வங்கியின் ஆறு பென்சும் அப்படியே. பண்ணையத்தில் கூலியைத் தானியமாகப் பெற்று, வாங்கிய முன்பணத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளை எந்த வங்கியில் என்ன இடுவான்? விதிகளை வகுத்தவர் நம்மைத் தள்ளிவைக்கும் நோக்கத்தோடு வகுக்கவில்லை. நம்மை எண்ணியே பார்க்கவில்லை.

ஆயினும், வியக்கத்தக்க ஒன்று அப்பட்டியலில் உண்டு. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1911இல் வெளியிட்ட கையேட்டில் தோல் வேலைக்கென ஒரு தகுதிச் சின்னம் காணப்படுகிறது. தோலைப் பதனிடும் முறையை அறிந்திருத்தல், காலணிக்கு அடித்தோலும் குதியும் தைத்தல், சேணமும் குதிரை வார்களும் பழுதுபார்த்தல் ஆகியவை அதற்குரிய தேர்வு. இவை அனைத்தும் நம் முன்னோர் ஆவாரம்பட்டையும் ஊசியும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவை. எந்தத் தொழிலைச் சுட்டி ஒருவரை ஊருக்கு வெளியே நிறுத்தினரோ, செருப்பைத் தைத்தவரே அதனை அணிந்து ஊர்த்தெருவில் நடக்கலாகாது என்றனரோ, அத்தொழில் வேறொரு நாட்டில் சிறுவனின் சட்டைக் கையில் பெருமைச் சின்னமாய் ஏறியது. தொழிலில் இழிவு இல்லை, அதனைப் பிறப்போடு கட்டிய கயிற்றில்தான் இழிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அமெரிக்காவை நான் புகழ்வதாக எண்ண வேண்டாம். அங்கும் தென் மாநிலங்களில் கறுப்பினச் சிறுவர் நெடுங்காலம் தனிப்படைகளில் ஒதுக்கப்பட்டனர். எனினும் 21 தகுதிச் சின்னங்கள் பெற்று எய்தும் 'ஈகிள்' என்ற உச்ச நிலையை 1926இல் எட்கர் கன்னிங்ஹாம் என்னும் கறுப்பின இளைஞர் அயோவா மாநிலத்தில் எய்தினார்.

நாடு விடுதலை பெற்றபின், பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7இல் இணைந்து பாரத சாரணர் இயக்கமாயின. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர். இப்போதுள்ள படிமுறையில் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்ற நிலைகளும், அவற்றுக்கு மேல் மாநில அளவில் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார் விருதும், அதற்கும் மேல் குடியரசுத் தலைவர் விருதும் உள்ளன. சோபானம் என்ற வடசொல்லுக்குப் படிக்கட்டு என்பது பொருள். 1920இல் அண்ணல் தம் 'மூக்நாயக்' இதழில் இந்து சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத அடுக்குமாடிக்கு ஒப்பிட்டதை அறிந்தோர்க்கு, இப்பெயர் காதில் படும்போது ஒரு சிந்தனை எழாமல் போகாது.

முதற்படிகளில் வாக்குறுதி, விதிகள், வணக்கமுறை, முடிச்சுகள், முதலுதவி ஆகியவை வரும். முடிச்சை ஏட்டில் எழுதினால் போதாது. கயிற்றைக் கையில் தந்து கட்டச் சொல்வர். கட்டுப் போடுதலும் அவ்வாறே. மேற்படிகளில் வரைபடம் பார்த்தல், கூடாரம் அமைத்தல், நடைப்பயணம் முதலியன வரும். தையல், தோட்டக்கலை, மிதிவண்டி, சமையல் என்று திறமைச் சின்னங்களும் உண்டு.

சமையலைப் பற்றி மட்டும் ஒரு சொல். முகாமில் அணியினர் அறுவரோ எண்மரோ முறைவைத்துச் சமைப்பர். ஒருவன் சமைத்ததை மற்றவர் உண்பர். எளிய செய்தி போலத் தோன்றும். 2018இல் நம் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்து, அவரை இடம் மாற்றி, பின்னர் அந்த ஆணையை விலக்கிக்கொண்ட செய்தியை நாம் அனைவரும் படித்தோம். நம் பிள்ளை சமைத்த சோற்றை அணியினர் எவ்வகைத் தயக்கமுமின்றி உண்ணுகின்றனரா என்பதே, இவ்வட்டாரத்தில் ஒரு சாரணர் படைக்கு நாம் வைக்கக்கூடிய தேர்வு. சின்னம் வழங்குவோரும் அத்தேர்வில் வெற்றி பெற வேண்டுமன்றோ?

பெற்றோரும் சங்க உறுப்பினரும் கருத வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில உள. ரயில்வே துறையில் சாரணர் ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் முறை உண்டு. அதற்குக் குடியரசுத் தலைவர் விருது பெரிதும் துணை நிற்கும். ஆனால் ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏறக் குறித்த மாதங்கள் பணியாற்றியாக வேண்டுமாதலின், அடியிலிருந்து உச்சிவரை ஏற ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாவது வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் விழித்துக்கொண்டு சேர்பவனுக்குக் காலம் போதாது. பத்து வயது நிறைந்தவுடன், ஆறாம் வகுப்பிலேயே சேர்த்தல் நலம். சீருடை வாங்க இயலாமை பல வீடுகளில் முதல் தடையாக நிற்கிறது. சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்குச் சில சீருடைகளை வழங்குதல் பெருஞ்செலவாகாது. வயது கடந்த இளைஞர்க்குத் திரிசாரணர் பிரிவு உண்டு; அதில் 25 வயது வரை இருக்கலாம்.