கேள்வியும் மறுமொழியும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் சட்டமன்ற எதிர்வரிசையும்

மலேசியத் தோட்டத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் இரப்பர் விலை, கூலி, வேலைநிறுத்தம், தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனுள் மற்றொரு சிறிய வரலாறும் அடங்கியுள்ளது. அது கேட்டல் என்னும் செயலின் வரலாறு. குழாயில் நீர் வராதபோது தோட்டத்தார் யாரிடம் கேட்டனர், எவ்வடிவில் கேட்டனர், மறுமொழி கூறும் கடமை யாரைச் சார்ந்திருந்தது என்பன அதன் கூறுகள். நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தின் எதிர்வரிசையை நடுவாகக் கொண்டு அவ்வரலாற்றை இங்கு நோக்குவோம்.

தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்போரின் நிலைக்கேற்ப வகுக்கிறார். தாழ்ந்தோன் கேட்கும் சொல் ஈ. ஒத்தோன் கேட்கும் சொல் தா. உயர்ந்தோன் கேட்கும் சொல் கொடு. கேட்கப்படும் பொருள் ஒன்றாக இருப்பினும் கேட்பவனின் நிலையே சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. தோட்ட வாழ்வில் இவ்விதியின் முதற்படி நெடுங்காலம் நிலவியது. விடியற்காலைப் பெரட்டில் நிற்கும் தொழிலாளி கங்காணியிடம் சொல்வார். கங்காணி கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொல்வார். கோரிக்கை ஒவ்வொரு படியிலும் குரல் தாழ்ந்து இறுதியில் மனுவாகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, மருத்துவம் முதலியவற்றுக்கு அளவுகோல் வகுத்திருந்தும், லயத்தில் வாழ்ந்தவருக்குக் கண்ணெதிரே நின்ற அதிகாரம் துரை ஒருவரே.

போருக்குப் பின் இந்நிலை மாறத் தொடங்கிற்று. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைக்கு உயர்ந்தார். கூலியையும் வேலை நிபந்தனைகளையும் பொறுத்தவரையில் 'ஈ' என்பது 'தா' ஆயிற்று. ஆயினும் கூட்டு ஒப்பந்தத்தின் எல்லை தோட்டத்து வேலையோடு முடிந்தது. நெடுஞ்சாலைக்குச் செல்லும் மண்பாதை, இடுகாட்டு நிலம், பள்ளிக்கு உரிய மனை, வெள்ளம் வடியும் கால்வாய் ஆகியவற்றைச் சங்கம் முதலாளியிடம் கேட்டுப் பெறுதல் அரிது.

1957இன் கூட்டரசு அரசியலமைப்பு இச்சிக்கலுக்குப் புதிய வடிவம் தந்தது. அதன் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு உரியவை. தொழிலாளர் நலனும் கல்வியும் மருத்துவமும் கூட்டரசுக்கு உரியவை. தோட்டமோ தனியார் நிலம். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் கடமையை முதலாளிமீது வைத்தன; மேற்பார்வையைக் கூட்டரசின் தொழிலாளர் துறைக்கு அளித்தன. 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறும்போது இசைவு தரும் அதிகாரமோ, தேசிய நிலச் சட்டத்தின்கீழ் மாநிலத் தோட்ட நில வாரியத்திடம் உள்ளது. ஆகவே ஒரே லயத்தின் கூரை ஒரு கதவையும், அந்த லயம் நிற்கும் மண் மற்றொரு கதவையும், அதற்குச் செல்லும் பாதை மூன்றாவது கதவையும் நோக்கி நின்றன. எந்தக் கதவைத் தட்டினாலும் அடுத்த கதவைச் சுட்டிக்காட்ட இடமிருந்தது.

இதனோடு மற்றொரு மாற்றமும் சேர்ந்தது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976இன் ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் நகராண்மைக் கழக உறுப்பினர் மாநில அரசின் நியமனத்தால் வருபவரானார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பேராளருள் அவர்களுக்கு மிக அருகில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினரே என்னும் நிலை உண்டாயிற்று. வடிகாலும் தெருவிளக்கும் குப்பையும் மாநிலச் சட்டமன்றத்தில் பேசுபொருளாவதற்கு உறுப்பினரின் சிறுமை காரணமன்று. அவற்றைத் தேர்தல் வழியாகக் கேட்பதற்கு வேறு மன்றம் இல்லாமையே காரணம்.

எதிர்வரிசை இம்மாநிலத்தில் உருப்பெற்ற ஆண்டு 1969. அவ்வாண்டுத் தேர்தலில் 24 இடங்களுள் 8 இடங்களை ஜனநாயக செயல் கட்சி வென்றது. அதன் தொடக்ககாலத் தலைவரான டாக்டர் சென் மன் ஹின் சிரம்பானில் மருத்துவத் தொழில் புரிந்தவர். மே மாதக் கலவரமும் அவசரகால ஆட்சியும் குறுக்கிட்டன. 1971 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றமும் மீண்டும் கூடியது. எதிர்வரிசையின் வலிமை அடுத்து வந்த தேர்தல்களில் ஏறியும் இறங்கியும் வந்தது. 2008இல் 36 இடங்களுள் 15 அதன் கைக்கு வந்தன.

சட்டமன்றக் கேள்வி எழுத்து வடிவில் முன்னறிவிப்புடன் தரப்படுவது. வாய்மொழி மறுமொழிக்கு உரியது, எழுத்து மறுமொழிக்கு உரியது என அது இருவகைப்படும். மந்திரி பெசாரோ ஆட்சிக்குழு உறுப்பினரோ மறுமொழி கூறுவார், துணைக்கேள்வியும் எழலாம். இரண்டும் மன்ற அறிக்கையில் பதிவாகும். நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். எதிர்வரிசையின் கேள்வி தோற்றத்தில் அறியாவினா. 'இத்தோட்டத்திற்குக் குழாய்நீர் எப்போது கிடைக்கும்?' என்று உறுப்பினர் கேட்பதாகக் கொள்வோம். தொகுதி மக்கள் வாளியுடன் காத்திருப்பதை அவர் அறிவார். ஆதலின் அது அறிவினாவின் சாயலுடையது. செய்க என்னும் கட்டளையை உள்ளடக்கியிருப்பதால் பயனில் அது ஏவல்வினா. மனுவுக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் அமைகிறது. மனுவை வாங்கியவர் இழுப்பறையில் வைத்துவிடலாம். மன்றத்தில் எழுந்த கேள்விக்கு மறுமொழி கூறாமையும் ஒரு பதிவாகிவிடும்.

மறுமொழியை நன்னூலார் எட்டாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் முதல் மூன்றும் நேர்விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. ஆட்சியாளர் மொழியை உற்று நோக்கினால் பிந்திய ஐந்தும் மிகுதியாகப் பயில்வதைக் காணலாம். 'நிறுவனத்தை அணுகுக' என்பது ஏவல். 'அதனைக் கூட்டரசிடம் கேட்கலாகாதா?' என்பது வினாதல். 'வேறு தோட்டங்களுக்கு நீர் வழங்கியுள்ளோம்' என்பது இனமொழி. இலக்கணம் இவற்றை விடையென ஏற்கும், வாளி நிறையாது. ஆயினும் தனியார் நிலம் என்றோ கூட்டரசின் பொறுப்பு என்றோ ஒரு மறுமொழி அச்சேறிவிட்டால், அடுத்த கேள்வியை எங்குக் கேட்பது என்பது தெளிவாகிறது. பொறுப்பை ஓரிடத்தில் நிறுத்துவதே எதிர்வரிசைக் கேள்வியின் முதற்பயன் என்பது நம் கருத்து.

அப்பொறுப்பும் இடம் பெயர்ந்துகொண்டே வந்துள்ளது. நீர் வழங்கல் 2005இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாறியது. குப்பை அகற்றுதல் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, 2011 முதல் நெகிரி செம்பிலானிலும் கூட்டரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. தோட்டங்களும் மாறின. நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயத்தை விட்டு வந்தோர் அடுக்குமாடிக்குக் குடிபுகுந்தனர். பொதுக்குழாயைப் பற்றிய கேள்வி, பழுதான மின்தூக்கியைப் பற்றிய கேள்வியாயிற்று. கோயில் நிலமும் தமிழ்ப்பள்ளி நிலமும் மட்டும் பழைய கேள்விகளாகவே தொடர்ந்தன.

கேள்வி கேட்பதற்கு முன் மன்றத்துள் நுழையும் உரிமை வேண்டும். தோட்டங்கள் சூழ்ந்த ரந்தாவ் தொகுதியில் 2018 வேட்புமனு நாளன்று மக்கள் நீதிக் கட்சி வேட்பாளர் டாக்டர் சிறீராம், நுழைவுச் சீட்டு இல்லை என்னும் காரணத்தால் மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அன்றைய மந்திரி பெசார் முகமட் ஹசான் போட்டியின்றித் தேர்வு பெற்றார். தேர்தல் நீதிமன்றம் அத்தேர்வைச் செல்லாதென அறிவித்தது. 2019 ஏப்ரல் 13இல் இடைத்தேர்தல் நடைபெற்று முகமட் ஹசானே வென்றார். வென்றவர் யார் என்பதைவிட, ரந்தாவ் வாக்காளர் தம் கையால் வாக்களித்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

2018இல் ஆட்சி மாறியபோது இருக்கைகளும் மாறின. எதிர்வரிசையில் அமர்ந்திருந்த ஜெ. அருள்குமார், ச. வீரப்பன் ஆகியோர் ஆட்சிக்குழுவில் இடம்பெற்றனர். 14 ஆண்டுகள் மறுமொழி கூறிவந்த முகமட் ஹசான் எதிர்வரிசைக்குச் சென்றார். 2023இல் பழைய எதிரணிகள் இரண்டும் ஒருங்கே ஆட்சி அமைத்தன. அத்தேர்தலில் எதிர்வரிசைக்கு வந்தோர் ஐவர். அவர்களுள் இந்தியர் எவருமிலர். எனினும் லாபு, செர்த்திங் போன்ற தோட்டப்பகுதித் தொகுதிகள் அவர்கள் வசம் வந்தன. தமிழரின் கேள்வியைத் தமிழரே கேட்பர் என்னும் வழக்கத்தை நம்பியிருப்பது இனிப் போதாது.

இவ்விடத்தில் மொழியின் பங்கு பெரிது. மன்றத்தின் மொழி மலாய். 'மூனு நாளா லயத்துக் கொழாயில தண்ணி வரல. கெராணிகிட்ட சொன்னா தொரையப் பாக்கச் சொல்றாரு' என்னும் தோட்டப் பேச்சில் காலமும் இடமும் பொறுப்பாளரும் உண்டு. அதுவே 'மசாலா பெக்காலான் ஆயர்', அதாவது நீர் வழங்கல் சிக்கல் என்று சுருங்கி மன்றத்தை அடையும்போது மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. பொதுப்படையான கேள்விக்குப் பொதுப்படையான மறுமொழியே கிடைக்கும். இது மலாய்மொழியின் குறையன்று, பெயர்ப்போரின் சுருக்கம். ஆகவே உறுப்பினர் எக்கட்சியினராயினும் எவ்வினத்தவராயினும், எந்நாள் முதல், எந்த நிலப்பகுதியில், யாரிடம் முன்னரே முறையிடப்பட்டது என்னும் மூன்றையும் மலாயில் எழுதிக் கொடுக்கத் தோட்டத்து இளைஞர் பழக வேண்டும்.

மொழி அமைப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. பல தோட்டங்களின் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, பெயர்ப்பலகைகளும் இல்லை. அங்கு மக்கள் வாழ்ந்ததற்கும், நீரும் பாதையும் வேண்டுமென்று அவர்கள் கேட்டதற்கும் சட்டமன்ற அறிக்கைகள் எழுத்துச் சான்றாக நிற்கக்கூடியவை. அவற்றில் இடம்பெறும் தோட்டப் பெயர்களையும், எழுந்த கேள்விகளையும், கிடைத்த மறுமொழிகளையும் ஆண்டுவாரியாகத் திரட்டித் தமிழில் அடைவு ஒன்று தொகுத்தல் வேண்டும். முன்னர் எங்கே என்ன மறுமொழி கூறப்பட்டது என்பதை அறிந்தவரே அடுத்த கேள்வியைக் கூர்மையாகக் கேட்கவல்லவர்.