55 டன் கான்கிரீட்டும் ஒரு கன்றும்

மலர்க் குழுவினர் “வரலாறு பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பா” என்றார்கள். சிவில் படித்தவன் எழுதும் வரலாற்றில் கொஞ்சமாவது கான்கிரீட் வேண்டாமா? இதில் நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத் தலைநகர் அனாபொலிஸ். அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1784-இல் சாசனம் பெற்றது. அதன் வளாகத்தில் ஒரு டூலிப் பாப்லர் மரம் நின்றது. நம்ம ஊர் செண்பகத்துக்குப் பங்காளி. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். வயது சுமார் 400 என்பார்கள். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர்கள் இதன் நிழலில் கூடினார்கள் என்பது அவ்வூர் வழக்கு. பெயரே ‘சுதந்திர மரம்’தான். பாஸ்டனில் இருந்த சுதந்திர மரத்தை மன்னர் கட்சியினர் 1775-லேயே வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அந்த வரிசையில் கடைசியாக மிஞ்சியது அனாபொலிஸ் மரம்.

காலப்போக்கில் அடிமரம் பொந்தாகிவிட்டது. 1907-இல் அதற்குள் 55 டன் கான்கிரீட்டை நிரப்பினார்கள். சொத்தைப் பல்லை அடைப்பது மாதிரி, அன்றைக்கு அதுதான் வைத்தியம். ஆனால் பல் அசையாது, மரம் அசையும் இல்லீங்களா? காற்றுக்கு வளைந்து கொடுக்கிற மரமும் வளையாத கான்கிரீட்டும் உரசும்; இடுக்கில் ஈரம் தங்கும். அதனால் இன்று மர நிபுணர்கள் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். மரத்துக்கு உயிர் பட்டைக்கு அடியில்தான். நடுப்பகுதி உளுத்தாலும் சுற்றுச்சுவர் கெட்டியாக இருந்தால் குழாய் போல நிற்கும். நாம் படித்த ‘ஹாலோ ஷாஃப்ட்’ பாடம்தான்!

1999 செப்டம்பரில் ஃபுளாய்டு புயல் அடித்து, தண்டு பிளந்தது. மாணவர்கள் நடமாடும் இடம். இனி ஆபத்து என்று நிபுணர்கள் சொன்னார்கள். அக்டோபர் 25-இல் ஊர் கூடி மரியாதை செய்து, மரத்தை வெட்டினார்கள். அந்த மரக்கட்டையிலிருந்து டெய்லர் நிறுவனம் கிட்டார்கள் செய்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1889-லேயே அந்த மரத்தின் கன்று ஒன்றை அதே வளாகத்தில் நட்டிருந்தார்கள். தாய் சாய்ந்தபோது பிள்ளைக்கு வயது 110! கான்கிரீட் வாங்கித் தந்தது 92 ஆண்டுத் தவணை. வம்சத்தைக் காத்தது அந்தக் கன்று.

நம்மில் பலர் இன்று வரைபடங்களில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறோம். ‘மரம் அகற்றப்படும்’ என்ற குறிப்பு கண்ணில் பட்டால், பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “விதை எடுத்தாச்சா? கன்று எங்கே நட்டிருக்கீங்க?”