கிளைக்காலிசிஸ்

செல்லுக்குள் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கப்படும் வேதிவினைத் தொடர் கிளைக்காலிசிஸ். செல் சுவாசத்தின் முதல் கட்டம் இது. சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளாக, படிக்கு ஒரு நொதியாக நடக்கிறது, ஆக்சிஜன் தேவையில்லை. சில பாக்டீரியா முதல் பனைமரம், மனிதர் வரை இதே வழிதான்.

முதல் போட்டு லாபம் எடுக்கும் வியாபாரம் இது. உள்ளே நுழைந்த குளுக்கோஸில் ஹெக்சோகைனேஸ் நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மின்னூட்டம் ஏறிய அந்தச் சர்க்கரையால் செல் சவ்வைக் கடந்து வெளியேற முடியாது. அது ஃபிரக்டோஸ் வடிவத்துக்கு மாறியதும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் இரண்டாவது பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. இதுவரை செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இரண்டு செலவு. ஏடிபி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் இந்த நொதி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தொடர் முழுவதற்கும் கடிவாளம் இங்கேதான் இருக்கிறது. பிறகு ஆறு கார்பன் சர்க்கரை மூன்று மூன்றாக உடைகிறது. மீதிப் படிகளில் நான்கு ஏடிபி கிடைக்கிறது. முதலைக் கழித்தால் மிச்சம் இரண்டு, கூடவே ஹைட்ரஜனைச் சுமக்கும் இரண்டு என்ஏடிஎச்.

கிளைக்காலிசிஸ் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது ஒரு தற்செயல். ஜெர்மானிய வேதியியலாளர் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாறு கெடாமலிருக்கச் சர்க்கரையைக் கொட்டினார். கெடாமலிருக்க வேண்டிய சாறு குமிழ்விடத் தொடங்கியது. உயிருள்ள செல் இல்லாமல் நொதித்தல் நடக்காது என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டரின் கருத்து 1897இல் அத்தோடு விழுந்தது. புக்னருக்கு 1907இல் நோபல் பரிசு. இதில் பாஸ்பேட்டுக்குப் பங்குண்டு என்று லண்டனில் உயிர்வேதியியலாளர்கள் ஹார்டனும் யங்கும் கண்டார்கள். 1940 வாக்கில் படிகள் எல்லாம் தெளிவாகிவிட்டன. எம்டென், மேயர்ஹோஃப், பர்னாஸ் ஆகிய ஆய்வாளர் மூவர் பெயராலும் இந்தப் பாதை அழைக்கப்படுகிறது.

ஆக்சிஜன் இருந்தால் பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் செல் சுவாசத்தின் அடுத்த கட்டமான கிரப்ஸ் சுழற்சியைத் தொடங்குகிறது. ஒரு குளுக்கோஸுக்கு மொத்த வரவு 30 முதல் 32 ஏடிபி. பழைய பாடநூல்களின் 36, 38 கணக்கு சற்றுத் தாராளம். ஆக்சிஜன் இல்லையென்றால் தசையில் லாக்டிக் அமிலமும், ஈஸ்ட்டில் ஆல்கஹாலும் கார்பன்டைஆக்சைடும் உண்டாகும். இதில் புதிதாக ஏடிபி எதுவும் கிடைப்பதில்லை. என்ஏடிஎச்சைக் காலிசெய்து தொடரை மறுபடி ஓடவைப்பதே வேலை. பனஞ்சாறு கள்ளாவது இப்படித்தான். பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இந்த நொதித்தலைத் தடுக்கவே.

மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதன் பிழைப்பு முழுக்கக் கிளைக்காலிசிஸை நம்பியது. குழாயில் எடுத்துவைத்த ரத்தத்திலும் அது சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்: அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய் எடுப்பது இதனால்தான். அதிலுள்ள சோடியம் ஃபுளோரைடு ஒன்பதாம் படியின் எனோலேஸ் நொதியை முடக்கும். ஆனால் கடைசிக்கு முந்தைய படியை அடைத்தால் முதல் படி உடனே நிற்பதில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே துல்லியம் வேண்டுமென்றால் மாதிரியை ஐஸில் வைத்து, பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரித்துவிட வேண்டும்.