மட்டையாளர் இடையூறு (மென்பந்தாட்டம்)

மட்டையாளர் இடையூறு என்பது மென்பந்தாட்டத்தில் (சாஃப்ட்பால்) பந்தை அடிக்க நிற்கும் மட்டையாளர், தமக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பந்தைப் பிடிப்பதையோ எறிவதையோ தடுப்பதாகும். இதற்காக மட்டையாளர் ஆட்டமிழப்பார்.

இவ்விளையாட்டில் தளங்களுக்கு (பேஸ்) இடையிலான தொலைவு 60 அடி (18.29 மீ) மட்டுமே, அடிபந்தாட்டத்தில் இது 90 அடி. வேகவீச்சு வகையில், பிட்சரின் கையைவிட்டுப் பந்து அகன்றவுடன் ஓட்டக்காரர் அடுத்த தளத்தைத் திருட ஓடலாம். கேட்சர் பந்தைப் பிடித்து, எழுந்து, எறிந்தாக வேண்டும். அந்நொடியில் மட்டையாளர் ஓரடி நகர்ந்தாலும் எறிதல் கெட்டுவிடும்.

விதி

மட்டையாளர் நிற்பதற்கு 3 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்ட கட்டம் வரையப்படுகிறது. கட்டத்தை விட்டு வெளியேறி கேட்சரைத் தடுத்தால், வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வி எழாது. மட்டையை வேகமாகச் சுழற்றித் தடுமாறி வெளியே விழுந்தவரும் ஆட்டமிழப்பார். கட்டத்துக்குள் நிற்பவரோ வேண்டுமென்றே தடுத்தால் மட்டுமே ஆட்டமிழப்பார். ஆயினும் மூன்றாம் தளத்திலிருந்து ஓட்டக்காரர் ஓடிவர, இல்லத்தளத்தில் அவரை ஆட்டமிழக்கச் செய்ய முயலும்போது இக்கட்டம் புகலிடமாகாது. விலக நேரமிருந்தும் நின்று தடுப்பது இடையூறே.

இடையூறு நிகழ்ந்ததும் பந்து செயலற்றதாகிறது. ஓட்டக்காரர்கள் கடைசியாகத் தொட்ட தளத்துக்குத் திரும்ப வேண்டும். திருடிய தளம் கணக்கில் வராது. கேட்சரின் கையுறை மட்டையில் பட்டு அடி கெடுவது இதற்கு நேர்மாறானது. அது 'கேட்சர் தடுப்பு' எனப்படும். மட்டையாளருக்கு முதல் தளம் வழங்கப்படும்.

துடுப்பாட்டத்துடன் ஒப்பீடு

துடுப்பாட்டத்தின் 37-ஆம் விதி (களத்தடுப்புக்கு இடையூறு) இதற்கு நெருங்கியது. 2024 மே 12 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் ராயல்சுக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னை அணியின் ரவீந்திர ஜடேஜா இவ்விதியின்படி ஆட்டமிழந்தார். சஞ்சு சாம்சன் எறிந்த பந்து, திரும்பி ஓடிய ஜடேஜாவின் மீது பட்டது. அவர் ஓடும் திசையை மாற்றியதாக மூன்றாம் நடுவர் முடிவு செய்தார்.

அங்கு வீரரின் நோக்கமே முழு வழக்கும். மென்பந்தாட்டத்தில் பெரும்பாலான வழக்குகளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்றே தீர்க்கிறது. மறு ஒளிபரப்பு வசதியில்லாத பள்ளித் திடல்களில் இது பெரிய உதவி. ஆனால் ஆட்டம் வளர வளர மட்டையாளர்களின் கால்பட்டு அக்கோடு அழிந்துபோவதும் உண்டு. அப்போது இல்லத்தளத்தை வைத்துக் கட்டத்தின் எல்லையை நடுவர் கண்ணளவாகவே கணிக்க நேர்கிறது.